ஹைட்ரேட்டட், ஹைட்ராலிக்: பெயரில் நெருங்கிய இரு சுண்ணாம்புகள்

பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் இடங்களில் இருவகைச் சுண்ணாம்பு மூட்டைகளைப் பார்க்கலாம். ஒன்றில் ‘ஹைட்ரேட்டட்’ என்றிருக்கும், மற்றதில் ‘ஹைட்ராலிக்’ என்றிருக்கும். இரண்டு பெயரும் தண்ணீரைத்தான் சுட்டுகின்றன. முதல் பெயர் சுண்ணாம்புக்கு ஏற்கெனவே நடந்ததைச் சொல்கிறது. இரண்டாவது, அது இனி எப்படி இறுகும் என்பதைச் சொல்கிறது.

சுண்ணாம்புக்கல்லைக் காளவாயில் சுமார் 900 டிகிரி செல்சியஸில் சுட்டால் கரியமில வாயு வெளியேறும். தூய கல் 100 கிலோ சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதில் தண்ணீர் விட்டால் கொதித்துப் பொரிந்து நீறும்; 18 கிலோ தண்ணீரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு 74 கிலோவாகும். இந்த நீற்றிய சுண்ணாம்புதான் ஹைட்ரேட்டட். சுவரில் பூசியபின் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்று, மறுபடி கல்லாகிறது. தண்ணீருக்கடியில் காற்றுக்கு வழியில்லை. அதனால் அங்கே இறுகாது.

களிமண் கலந்த சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் கதை மாறும். களிமண்ணின் சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு கூடி கால்சியம் சிலிகேட், அலுமினேட் சேர்மங்களாகின்றன. இவை தண்ணீரோடு வினைபுரிந்தே இறுகிவிடும். இதுதான் ஹைட்ராலிக். இதையும் அளவாகத் தண்ணீர் தெளித்து நீற்றித்தான் பொடியாக்குகிறார்கள் என்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது.

களிமண்ணின் பங்கைக் கண்டறிந்தவர் ஆங்கிலேயப் பொறியாளர் ஜான் ஸ்மீட்டன். பிளிமத் கடற்கரைக்கு அப்பால், அலை மூடும் எடிஸ்டோன் பாறையில் கலங்கரை விளக்கம் கட்டும் பொறுப்பு 1756-ல் அவரிடம் வந்தது. கல் எவ்வளவு கெட்டியோ, சுண்ணாம்பும் அவ்வளவு கெட்டி என்பது அன்றைய நம்பிக்கை. ஸ்மீட்டன் பல ஊர்க் கற்களை நைட்ரிக் அமிலத்தில் கரைத்துப் பார்த்தார். தண்ணீரில் நன்றாக இறுகிய தெற்கு வேல்ஸின் அபெர்தா கல், அடியில் களிமண்ணை விட்டது. அந்தச் சுண்ணாம்போடு இத்தாலிய எரிமலைச் சாம்பலையும் கலந்து கட்டினார். 1759-ல் விளக்கு எரிந்தது.

களிமண் கலந்த கல் கிடைக்காத இடத்திலும் வழியுண்டு. சுட்ட களிமண்ணை, அதாவது செங்கல் தூளான சுர்க்கியை, நீற்றிய சுண்ணாம்போடு கலந்தால் அதுவும் தண்ணீரில் இறுகும். 1895-ல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பு-சுர்க்கிக் காரையால் கட்டப்பட்டதுதான்.

வாங்கி வைக்கும்போதும் இந்த வேறுபாடு முக்கியம். நீற்றிய சுண்ணாம்பைக் குழியில் தண்ணீர் மூட மாதக்கணக்கில் வைக்கலாம், இன்னும் குழைவாகும். ஹைட்ராலிக் சுண்ணாம்பில் ஈரம் பட்டாலோ, மூட்டைக்குள்ளேயே கட்டிதட்டிப்போகும்.