நடையைப் பார்த்து நாய்க்குட்டி எடுங்கள்

(வானொலி வேளாண் நிகழ்ச்சியில் திருநெல்வேலி டவுண் பகுதி விரிவாக்க அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



மேலப்பாளையம் சந்தைக்கு மாடு பிடிக்கப் போகிறோம். என்ன செய்கிறோம்? பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். சுழி பார்க்கிறோம். திமிலையும் முதுகையும் தடவிப் பார்க்கிறோம். கடைசியில் கயிற்றை வாங்கி நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்க்கிறோம். நடை சரியில்லை என்றால், எவ்வளவு அழகான மாடாக இருந்தாலும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறோம்.

ஆனால் நாய்க்குட்டி வாங்கும்போது மட்டும் இதெல்லாம் மறந்துபோகிறது. "நல்ல வெள்ளையா இருக்கா? மூக்கு ரோஸா இருக்கா?" என்ற இரண்டு கேள்வியோடு பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறோம். அதே நாயை நாளைக்கு இனத்துக்கும் விடுகிறோம். தோட்டத்துக்கும் ஆட்டுக்கிடைக்கும் காவல் இருக்கவேண்டிய பிராணியை இப்படி எடுக்கலாமா? இன்றைக்கு இதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

நான் செய்த தவறு

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன்னால், மானூர்ப் பக்கம் அறுப்பு முடிந்த வயலில் கிடை போட்டிருந்த பெரியவர் ஒருவர் என்னிடம் யோசனை கேட்டார். அவருக்கு முன்னால் ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு கடுவன் நாய்கள் நின்றன. இரண்டுக்கும் ஒரு வயது இருக்கும். ஒன்று பால் வெள்ளை. தலையைத் தூக்கி, நெஞ்சை நிமிர்த்திச் சிலை மாதிரி நின்றது. மற்றொன்றுக்குக் காதோரம் பழுப்பு, பார்வைக்குச் சாதாரணம். "அண்ணாச்சி, யோசிக்காமல் வெள்ளையை எடுங்க" என்றேன்.

பெரியவர் வரப்புக் கடைசியில் போய் நின்றுகொண்டு இரண்டையும் தன்னை நோக்கி வரவிட்டுப் பார்த்தார். "காதோரம் மறு உள்ளதுதான் ஸார் தரையை அளந்து வருது. வெள்ளை குத்திக் குத்தில்லா வருது" என்றார். ஆனாலும் படித்தவன் சொல்லுகிறானே என்று வெள்ளையை எடுத்துக்கொண்டார்.

கிடைக்காரர் பிழைப்பு உங்களுக்குத் தெரியும். தினமும் மைல் கணக்கில் நடை. இரண்டாம் வருஷம் அந்த நாய்க்கு முன்னங்கால் மணிக்கட்டு இரண்டும் வீங்கிவிட்டது. பகலெல்லாம் நொண்டி வந்த நாய், ராத்திரி படுத்தால் எழும்பவில்லை. ஒரே ராத்திரியில் இரண்டு ஆட்டுக்குட்டிகளை நரி கொண்டுபோயிற்று. அதற்குள் வெள்ளை நிறத்துக்காகவே சுற்று ஊர்க்காரர்கள் அந்த நாயை மூன்று பெட்டைகளுக்கு விட்டிருந்தார்கள். குட்டிகளிலும் சிலவற்றுக்கு அதே குத்துநடை! ஒரு நாயோடு போகவேண்டிய குறை ஊர் முழுக்கப் பரவிவிட்டது. அதற்குப் பிறகுதான் நான் நாயின் உடல்கட்டைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

வேலைக்கு ஏற்ற உடம்பு

நம் பக்கத்து நாய்களை எடுத்துக்கொள்ளுங்கள். விருதுநகர் மாவட்டத்துச் சிப்பிப்பாறை நாய், முயலுக்குப் பின்னால் பாய்ந்து ஓட உருவானது. அதனால்தான் ஒடுங்கி ஆழமான நெஞ்சு, ஏறிய வயிறு, நீண்ட கால். கறுப்பில் பழுப்பு கலந்த கன்னியும் அதே கட்டு. இந்த ஜாதி நாய்கள் முழு வேகத்தில் பாயும்போது, ஒரு பாய்ச்சலுக்கு இரண்டு முறை நாலு காலும் தரையை விட்டு எழும்பும். ஒரு முறை கால்களைச் சுருக்கிய நிலையில், ஒரு முறை நீட்டிய நிலையில். இடுப்புக்கு மேல் முதுகு லேசாக வில் போல வளைந்திருப்பது இதற்காகத்தான்.

ராஜபாளையம் நாய் அதைவிடக் கனமானது. காவலுக்கும் பன்றி வேட்டைக்கும் வளர்த்தது. தேனி மாவட்டத்துக் கோம்பை நாய், தாடை பருத்து, உடல் திரண்டு, மூஞ்சி கறுத்திருக்கும். ஆகவே சிப்பிப்பாறையிடம் கோம்பையின் திரட்சியைத் தேடக்கூடாது. கோம்பையிடம் சிப்பிப்பாறையின் ஒடுக்கத்தைத் தேடக்கூடாது. (ஒன்று சொல்லிவிடுகிறேன். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு நாயை விட்டு முயல் பிடிப்பது குற்றம். உடல்கட்டைக் காப்பாற்றுவோம், வேட்டை வேண்டாம்.)

கண்காட்சிகளில் நடுவர் பார்ப்பதும் இப்படித்தான். பக்கத்தில் நிற்கும் நாயோடு முதலில் ஒப்பிடமாட்டார். அந்த இனத்துக்கு என்று எழுதி வைத்த இலக்கணத்தை மனதில் வைத்து, ஒவ்வொரு நாயும் அதற்கு எவ்வளவு கிட்டே வருகிறது என்று பார்ப்பார்.

நிற்கும்போது பார்க்கவேண்டியவை

நாயைச் சமதரையில் இயல்பாக நிற்கவிடுங்கள். கழுத்தைத் தூக்கிப் பிடிக்கவேண்டாம். அப்படிப் பிடித்தால் எந்த நாயும் அழகாகத்தான் தெரியும். பத்தடி தள்ளிப் பக்கவாட்டில் நின்று முழு உருவத்தையும் பாருங்கள். பிறகு கிட்டே போய்க் கையால் தொட்டுப் பாருங்கள். மயிர் கண்ணை ஏமாற்றும், கையை ஏமாற்றாது.

முக்கியமானது முன்சப்பை. நாய்க்கு முன்சப்பை எலும்பு உடம்போடு எலும்பாகச் சேரவில்லை, தசையால்தான் கட்டப்பட்டிருக்கிறது. நாயின் எடையில் நூற்றுக்கு 60 பங்கு முன்னங்காலில்தான் இறங்குகிறது. அந்தச் சப்பையும், அதற்குக் கீழே உள்ள மேல்கை எலும்பும் சாய்ந்து கோணமாகச் சேர்ந்திருந்தால், வண்டிக்கு வில் போட்டது மாதிரி அதிர்ச்சியைத் தாங்கும். காலும் எட்டிப் போகும். சப்பை செங்குத்தாக நின்றால் வில் இல்லாத கட்டைவண்டிதான். அடி முழுக்க மணிக்கட்டில் விழும். பெரியவருடைய நாய்க்கு நேர்ந்தது இதுதான். நிமிர்ந்த நெஞ்சு என்று நான் மயங்கியதே அந்தச் செங்குத்துச் சப்பையைப் பார்த்துத்தான்!

சப்பை 45 பாகை சாய்ந்திருக்கவேண்டும் என்று பழைய நூல்களில் இருக்கும். அமெரிக்காவில் ரேச்சல் பேஜ் எலியட் என்ற அம்மையார், 1973ல் வெளியான 'டாக்ஸ்டெப்ஸ்' என்ற நூலில் நாய் நடையைப் படம் போட்டு விளக்கினார். பின்னால் ஓடும் நாயையே எக்ஸ்ரே சினிமாவாக எடுத்துப் பார்த்தபோது, நல்ல நாய்க்கும் ஏறக்குறைய 30 பாகைதான் சாய்வு என்று கண்டார். ஆகவே புத்தகத்து எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்கவேண்டாம். முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று பாருங்கள். பின்னங்காலுக்கு அதிக மடிப்பும் முன்னங்காலுக்குக் குறைந்த மடிப்பும் இருந்தால், பின்னால் இருந்து தள்ளுகிற வேகத்தை முன்னால் வாங்க முடியாது.

நெஞ்சின் அடிப்பாகம் முழங்கை மட்டத்துக்காவது இறங்கியிருக்கட்டும். பாதம் இறுகி, விரல்கள் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கட்டும். விரல் விரிந்த நாய் தரிசில் நடந்தால் முள்ளும் கல்லும் ஏறும். வாயைத் திறந்து பாருங்கள். வளர்ந்த நாய்க்கு 42 பல். மேல்வரிசை முன்பல் கீழ்வரிசைக்குச் சற்று முன்னால் கத்தரிக்கோல் மாதிரி உட்காரவேண்டும். கடுவனுக்கு விதை இரண்டும் இறங்கியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆற்று மணல் காட்டும் உண்மை

இனி நடை. நடையைக் கணிக்க மெல்லோட்டம்தான் ஏற்றது. அதாவது நடக்கவும் இல்லை, பாயவும் இல்லை. வலது முன்காலும் இடது பின்காலும் சேர்ந்து போகும், பிறகு இடது முன்காலும் வலது பின்காலும் சேர்ந்து போகும். ஒருவர் கயிற்றைத் தளரப் பிடித்து நேர்கோட்டில் ஓட்டட்டும். நீங்கள் மூன்று இடத்தில் நின்று பாருங்கள்.

முன்னால் நின்று பார்க்கும்போது, தோளிலிருந்து பாதம் வரை கால் ஒரே கோடாக வரவேண்டும். முழங்கை வெளியே பிதுங்கினாலோ, பாதம் துடுப்புப் போட்ட மாதிரி சுழன்று விழுந்தாலோ குறை. வேகம் கூடக் கூடப் பாதங்கள் நடுக்கோட்டை நெருங்கும். அது குறை அல்ல. உடம்பு பக்கவாட்டில் ஆடாமல் இருக்க நாய் அப்படித்தான் வைக்கும். ஆனால் ஒன்றை ஒன்று குறுக்கே வெட்டக்கூடாது.

பின்னால் நின்று பார்க்கும்போது, குதிகால் மூட்டு இரண்டும் உள்பக்கம் ஒட்டி, பாதம் வெளியே திரும்பியிருந்தால் தள்ளும் சக்தி வீணாகும். பக்கவாட்டில் பார்க்கும்போது முதுகு குலுங்கக்கூடாது. முதுகில் செம்புத் தண்ணீர் வைத்தாலும் சிந்தாது என்று தோன்றவேண்டும்.

கண்ணுக்குப் பிடிபடவில்லையா? தாமிரபரணிக்கு ஓட்டிக்கொண்டு போங்கள். ஈர மணலில் மெல்லோட்டமாக விட்டுத் தடத்தைப் பாருங்கள். முன்கால் எடுத்த குழியில், அல்லது அதை ஒட்டியே, பின்கால் விழுந்தால் பொருத்தமான உடல். வெகு பின்னால் விழுந்தால் எட்டு குறைவு. பின்கால் தடமெல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கியிருந்தால், நாய் நண்டு மாதிரி சாய்ந்து ஓடுகிறது என்று அர்த்தம். காசு செலவில்லாத பரிட்சை இது. ஒரு நாளில் முடிவு கட்டாமல் இரண்டு மூன்று தடவை பாருங்கள். களைத்த நாயும் கால் முள் ஏறிய நாயும் சரியாக நடக்காது.

வெள்ளை நிறமும் காதும்

நடையெல்லாம் சரியாக இருந்தும் ஒரு குறை ஒளிந்திருக்கலாம். முழு வெள்ளை நாய்களில் பிறவிச் செவிடு வருவதுண்டு, ராஜபாளையத்திலும் உண்டு. தோலுக்கு நிறம் கொடுக்கும் அணுக்கள் உட்காதிலும் இருக்கவேண்டும். அவை இல்லாவிட்டால், பிறந்த சில வாரத்திலேயே கேட்கும் நரம்பு அணுக்கள் அழிந்துவிடுகின்றன.

குட்டி தூங்கும்போது, அது பார்க்காத இடத்திலிருந்து தாம்பாளத்தைத் தட்டுங்கள். தரை அதிரக்கூடாது, காற்றும் படக்கூடாது. எழும்பாத குட்டியைக் குறித்துக்கொண்டு மறுபடியும் சோதியுங்கள். ஒரு காது மட்டும் கேட்காத நாயை இப்படிக் கண்டுபிடிப்பது கஷ்டம். சத்தம் கேட்டு எழும்பும், ஆனால் எந்தத் திசை என்று தெரியாமல் முழிக்கும். அதைக் கருவி வைத்துத்தான் உறுதி செய்யமுடியும். ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ, உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவரிடமோ யோசனை கேளுங்கள். ஒரு காது செவிடான நாயையும் இனத்துக்கு விடக்கூடாது. வளர்க்கலாம், அன்பு காட்டலாம், குட்டி எடுக்கவேண்டாம்.

இனத்துக்கு விடும்போது

குறை இல்லாத நாய் உலகத்தில் கிடையாது. ஆனால் ஒரே குறையுள்ள இரண்டைச் சேர்க்காதீர்கள். பெட்டைக்குச் சப்பை நிமிர்ந்திருந்தால், நல்ல சாய்வுள்ள கடுவனைத் தேடுங்கள். நிறம் மாறக்கூடாது என்று அண்ணன் தங்கையைச் சேர்ப்பதை விட்டுவிடுங்கள். எந்தக் கடுவன், எந்தப் பெட்டை, எத்தனை குட்டி, எதற்கு என்ன குறை என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

மத்திய அரசு 2017ல் கொண்டுவந்த நாய் இனப்பெருக்க விதிகளையும் நினைவில் வையுங்கள். பெட்டைக்கு 18 மாதம் ஆகவேண்டும். வருஷத்துக்கு ஒரு ஈற்று. ஆயுளில் ஐந்துக்கு மேல் கூடாது. எட்டு வயதுக்குப் பிறகு கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது. விற்பனைக்காக வளர்ப்பவர் மாநிலப் பிராணிகள் நல வாரியத்தில் பதிவு செய்யவேண்டும்.

2005ல் நம் தபால் துறை வெளியிட்ட நாய் தபால்தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. தபால்தலையில் ஏறிய பெருமை மட்டும் கிடையைக் காக்காது. காக்கவேண்டியது அந்த நாயின் காலும் காதும்தான்.

அந்தப் பெரியவரிடம் இப்போது இருப்பது காதோரம் பழுப்பு உள்ள நாயின் பேரன். அவர் பார்த்து எடுத்தது. நான் பக்கத்தில் நின்றேன், வாயைத் திறக்கவில்லை.