அரை உப்பு

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று தீர்ப்பு எழுதி வைத்துவிட்டவர்கள் நாம். ஒருவர் பேச்சு பிடிக்காவிட்டால் அது உப்புச் சப்பில்லாத பேச்சு. ரோஷமில்லாதவனைக் கண்டால், "சோற்றில் உப்புப் போட்டுத்தானே சாப்பிடுகிறாய்?" என்று கேட்கிறோம். இப்பேர்ப்பட்ட நாட்டில் வைத்தியர் ஒருவர் ரத்தக் கொதிப்புக்காரரைப் பார்த்து, "இனிமேல் உப்பைக் குறைத்துக் கொள்ளுங்கள்" என்று சொன்னால், அவர் மனம் என்ன பாடுபடும்! வேளைக்கு நான்கு மாத்திரை என்றால் மறுபேச்சில்லாமல் விழுங்குகிறவர், உப்பு என்றவுடன் முகம் வாடிப் போகிறார்.

அன்று முதல் அவர் வீட்டில் நடப்பதையும் நாம் அறிவோம். அடுப்பின் மூலையில் ஒரு சிறு பாத்திரம் தனியாக ஏறுகிறது. எல்லோருக்கும் முருங்கைக்காய்ச் சாம்பார். அவருக்கு மட்டும் உப்பில்லாமல், உப்போடு சேர்த்துப் புளியும் பெருங்காயமும் தாளிதமும்கூட இல்லாமல், வெறும் வெந்த பருப்பு. பத்தியம் என்றால் ருசியே கூடாது என்று யாரோ சட்டம் செய்துவிட்டாற் போல் ஒரு சமையல். நான்கு நாள் பொறுத்துப் பார்க்கிறார். ஐந்தாம் நாள் பேத்தியை ரகசியமாக அழைத்து, மோர்ச் சாதத்துக்கு அடியில் இரண்டு மாவடுவை மறைத்து வைக்கச் சொல்கிறார். காலையிலிருந்து மிச்சம் பிடித்த உப்பில் பெரும் பகுதி அந்த மாவடுவில் திரும்பி வந்துவிடுகிறது. பத்தியத்தைக் கெடுத்தது அவருடைய நாக்கு என்று வீட்டார் பழி சொல்லுகிறார்கள். அந்தத் தனிப் பாத்திரந்தான் கெடுத்தது என்பது நமது அபிப்பிராயம்.

கும்பகோணத்தை அடுத்த திருநாகேசுவரத்தில் உப்பிலியப்பன் கோயில் இருக்கிறது. மார்க்கண்டேய மகரிஷியின் வளர்ப்புப் பெண்ணாகிய பூமிதேவியைப் பெருமாள் கிழவர் வேஷத்தில் வந்து பெண் கேட்டாராம். மகரிஷி, "இவள் அறியாத சிறுமி, சமையலில் உப்புப் போடக்கூடத் தெரியாது" என்று சொல்லித் தட்டிக் கழிக்கப் பார்த்தார். "அதனால் என்ன? உப்பில்லாமலே சாப்பிடுகிறேன்" என்றாராம் பெருமாள். ஒப்பில்லாத அப்பன் என்பதே உப்பிலியப்பன் என்று மருவியது என்பாரும் உளர். அது எப்படியாயினும், இன்றைக்கும் அக்கோயில் தளிகையில் உப்புச் சேர்ப்பதில்லை. நாம் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மாப்பிள்ளைக்கென்று உப்பில்லாத பாத்திரம் ஒன்று, மற்றவர்களுக்கு உப்புப் போட்ட பாத்திரம் ஒன்று என்ற பேதம் அங்கே கிடையாது. எல்லோருக்கும் ஒரே தளிகைதான்.

உப்பு என்பது நூற்றுக்கு 40 பங்கு சோடியம். தேகத்துக்கு அது கட்டாயம் வேண்டும். ஆனால் அளவுக்கு மிஞ்சினால், அதைக் கரைத்து வைத்துக்கொள்ளத் தேகம் தண்ணீரையும் சேர்த்து நிறுத்திக் கொள்ளுகிறது. ரத்தத்தின் அளவு பெருகி, குழாய்களில் அழுத்தம் ஏறுகிறது. இருதயம் தளர்ந்தவர்களுக்கும் மூத்திரப்பிண்டங்கள் கெட்டவர்களுக்கும் கால் வீங்குவதும், மூச்சு முட்டுவதும் பெரும்பாலும் இந்தத் தண்ணீர்த் தேக்கத்தினால்தான். உலக சுகாதார ஸ்தாபனத்தார் பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைந்த உப்பே போதும் என்கிறார்கள். தலை வழித்த ஒரு தேக்கரண்டி என்று வைத்துக் கொள்ளலாம். உலகத்தார் சராசரியாக இதைப் போல் இரு மடங்குக்கு மேல் உண்கிறார்கள். 2001-ல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி ஒன்றில் 412 பேருக்கு ஆகாரம் முழுவதையும் ஆராய்ச்சிக்காரர்களே சமைத்துக் கொடுத்து, சோடியத்தை மூன்று படிகளில் மாற்றிப் பார்த்தார்கள். அது ஒவ்வொரு படி இறங்கும்போதும் ரத்த அழுத்தமும் கூடவே இறங்கியது. ஏற்கெனவே கொதிப்பு உள்ளவர்களுக்கு அதிகமாக இறங்கியது.

இந்த விஷயத்தில் நமக்குப் பிறவியிலேயே வாய்த்த ஓர் அனுகூலம் உண்டு. மேல்நாட்டார் தினம் உண்ணும் ரொட்டியில் மாவு பிசையும்போதே உப்புச் சேர்ந்துவிடுகிறது. நாமோ சோற்றை உப்பில்லாமல் வடிக்கிறோம். அரிசியில் சோடியம் இல்லையென்றே சொல்லலாம். ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா சென்று ட்யூக் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வால்ட்டர் கெம்ப்னர் என்னும் வைத்தியர், நல்ல மருந்துகள் இல்லாத 1940-களில், முற்றிய கொதிப்பு நோயாளிகளுக்குச் சோறும் பழமும் சர்க்கரையுமே ஆகாரமாகக் கொடுத்துப் பலரைத் தேற்றினார். அந்தச் சோறு நம் இலையில் தினம் விழுகிறது. அதைச் சுற்றி என்ன விழுகிறது என்பதிலேதான் தகராறு.

முதலில் ஊறுகாய். அதில் உப்பு ருசிக்காக மட்டும் இல்லை. கெடாமல் காக்கும் காவற்காரனும் அதுதான். பாதி உப்புப் போட்டு ஆவக்காய் போட்டால் பத்து நாளில் பூசணம் பூத்துவிடும். ஆகையால் ஜாடியைக் குறைப்பதற்கு வழியில்லை, விடுவதற்குத்தான் வழி. அதற்குப் பதிலாக அன்றன்றைக்கு மாங்காய்ப் பச்சடியோ, நெல்லிக்காய்த் தயிர்ப் பச்சடியோ செய்யலாம். அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேருகிறது, அதுவும் சோடியந்தான். பஜ்ஜி மாவில் தூவும் ஆப்பசோடாவும், ஹோட்டல்களில் சேர்க்கும் அஜினோமோட்டோவும் அந்த இனமே. நாக்குக்குக் கரிக்காமல் உள்ளே போவதால் இவற்றைக் கண்டுபிடிப்பது கஷ்டம். வற்றல், வடகம், மோர்மிளகாய், கருவாடு, பொட்டலத்தில் வரும் மிக்சர் இவற்றைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. பொட்டலத்தின் மேல் சோடியம் இத்தனை மில்லிகிராம் என்று அச்சிட்டிருந்தால், அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும்.

இனி அடுப்பங்கரைக்கு வருவோம். உப்பைக் குறைத்து, அதற்கு ஈடாகப் புளியையும் காரத்தையும் கூட்டு என்று யோசனை சொல்லுகிறவர்கள் உண்டு. அவர்கள் கரண்டி பிடித்தவர்களாக இருக்க முடியாது. புளி கூடினால் குழம்பு மேலும் உப்புக் கேட்கும், மிளகாயும் அப்படியே. வற்றல் குழம்பும் புளியோதரையும் உப்பை வாரி விழுங்குவது இதனால்தான். அரை உப்பில் ருசியாக வரக்கூடியவை வேறு: தேங்காய் அரைத்துவிட்ட கூட்டு, மோர்க்குழம்பு, பாசிப்பருப்பும் சீரகமும் சேர்ந்த பொரித்த குழம்பு, கீரை மசியல். கீரை வெந்து சுண்டிப் போவதால், மசித்த பிறகு ஒரு சிட்டிகை போதும். ரசத்தில் புளியைப் பாதியாக்கித் தக்காளியைக் கரைத்துவிட்டு, மிளகும் சீரகமும் அப்போதே பொடித்துப் போட்டு, இறக்கிய பின் எலுமிச்சம்பழம் பிழியலாம். வறுத்து அரைக்கும் கொத்துமல்லி விதை, நெய்யில் பொரிந்த பெருங்காயம், கறிவேப்பிலை, இஞ்சி, பூண்டு இவற்றின் வாசனை முன்னே வந்துவிட்டால் உப்பு எங்கே என்று நாக்குத் தேடுவது பாதியாகக் குறைந்துவிடும். பழைய சாம்பார்ப் பொடியை வைத்துக்கொண்டு இந்தக் காரியம் நடக்காது. இட்லி மாவுக்கும் பாதி உப்புப் போதும், புளிப்பு ஏறிவிடும். ஆனால் மிளகாய்ப்பொடியில் போடும் உப்பையும் கவனிக்க வேண்டும்.

இலையில் முதல் முதலாக ஓரத்தில் உப்பு வைப்பது நம் வழக்கம் அல்லவா? அதற்கு இப்போது ஓர் உபயோகம் பிறக்கிறது. கறியை உப்பின்றி வதக்கிவிட்டு, அளந்து வைத்த சிட்டிகை உப்பைச் சாப்பிடும்போது மேலே தூவிக்கொண்டால், நாக்கில் நேராகப் படுவதால் கொஞ்சமே நிறையத் தெரிகிறது. கொதியில் கரைந்த உப்புக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

1930-ஆம் வருஷம் ஏப்ரல் 6-ந் தேதி தண்டிக் கடற்கரையில் காந்தியடிகள் உப்பை அள்ளினார். அம்மாதக் கடைசியில் வேதாரணியத்தில் ராஜாஜி அள்ளினார். வெயிலில் வேர்வை சிந்தி உழைக்கும் ஏழைக்கு உப்பு அவசியம், அதன்மேல் வரி கூடாது என்பதே அப்போராட்டம். அதே காந்தியடிகள் அதற்குச் சுமார் இருபது வருஷம் முன்பு, தென்னாப்பிரிக்காவில், உப்பை விட்ட கதையைத் தம் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். கஸ்தூரிபாயின் உடம்பு குணமாகாதிருந்தபோது, உப்பையும் பருப்பையும் விட்டுப் பார்க்கும்படி அவர் யோசனை கூறினார். உங்களிடம் சொன்னால் உங்களாலேயே விட முடியாது என்று அம்மையார் பதில் சொல்லிவிட்டார். அந்த க்ஷணமே, நீ விட்டாலும் விடாவிட்டாலும் நான் ஒரு வருஷத்துக்கு இரண்டையும் விட்டேன் என்றார் கணவர். அம்மையார் பதறிப்போய், தாமே விட்டுவிடுவதாகவும், சபதத்தைத் திரும்பப் பெறும்படியும் மன்றாடியும் அவர் இசையவில்லை. மகாத்மாவின் பிடிவாதம் எல்லா வீட்டுக்கும் ஒத்து வராது. ஆனால் நோயாளியோடு கூட உட்கார்ந்து, அவர் உண்பதையே உண்பது யாருக்கும் முடியக்கூடிய காரியம். கொதிப்பு இல்லாதவர்களுக்கும் அந்தச் சாம்பாரால் லாபமே ஒழிய நஷ்டமில்லை.

உப்பை ஒரே நாளில் பாதியாக்கினால் வீட்டில் கலகம் விளையும். சிறிது சிறிதாகக் குறைத்து வந்தால் பலருக்குத் தெரிவதேயில்லை. 1982-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், உப்புக் குறைந்த ஆகாரத்தை ஐந்து மாதம் உண்டவர்களுக்குக் கடைசியில் குறைந்த உப்பே இதமாகிவிட்டது. முன்பு விரும்பிய அளவு அவர்களுக்குக் கரித்தது.

இந்துப்பு கெடுதல் செய்யாது என்றொரு நம்பிக்கை நாட்டில் பரவியிருக்கிறது. அதுவும் பெரும்பாலும் சோடியம் உப்புத்தான். நிறம் வேறு, விலை வேறு. பொட்டாசியம் கலந்த உப்பு உண்மையிலேயே பலன் தருவது. சீனாவின் 600 கிராமங்களில் நடந்து 2021-ல் வெளியான ஆராய்ச்சியில், நாலில் ஒரு பங்கு பொட்டாசியம் உப்புக் கலந்ததை உபயோகித்தவர்களுக்குப் பக்கவாதம் குறைந்தது. ஆயினும் மூத்திரப்பிண்டக் கோளாறு உள்ளவர்களுக்கும், கொதிப்புக்குச் சில வகை மருந்துகள் சாப்பிடுகிறவர்களுக்கும் அது ஆபத்தாக முடியலாம். வைத்தியரைக் கேளாமல் வாங்கக் கூடாது. நீர் பிரியும் மாத்திரை சாப்பிடும் முதியவர்கள் உப்பை அறவே ஒழிப்பதும் தவறு. வாந்தி பேதி கண்ட நாட்களில் பத்தியத்தைப் பற்றி உடனே வைத்தியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு வேளையும் தராசு பிடிக்க வேண்டுமோ என்று பயப்பட வேண்டாம். நான்கு பெரியவர்கள் உள்ள குடும்பத்துக்கு நாளைக்கு 20 கிராம். எனவே ஒரு கிலோ உப்பு 50 நாள் வர வேண்டும். கடையிலிருந்து வரும் பண்டங்களின் உப்பையும் கணக்கில் சேர்த்தால் இன்னும் சில நாள் கூடவே வர வேண்டும். புதுப் பொட்டலத்தைப் பிரிக்கும் அன்று, உப்பு ஜாடியின் மேல் ஒரு காகிதத்தை ஒட்டித் தேதியைக் குறித்து வையுங்கள்.