கே டூவும் நத்தைகளும்

காலனிய அறிவு என்றதும் நாம் ஃபூக்கோ, சையத் என்று ஆரம்பித்துவிடுகிறோம். நான் ஓர் ஆளிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஹென்றி ஹேவர்ஷாம் காட்வின்-ஆஸ்டின் (1834–1923): பட்டாளத்துக்காரர், சர்வேயர், பனியாறுகளில் நடந்தவர், நத்தை ஆராய்ச்சியாளர். இத்தனையும் ஒரே ஆள் என்பதுதான் விஷயமே.

சர்வேயை அவர் எங்கே பழகினார் என்று பாருங்கள். 1852இல் இரண்டாம் பர்மியப் போர். படைத்தலைவர் அவருடைய தாத்தா ஜெனரல் காட்வின். பேரன் தாத்தாவுக்கு உதவியாளர். ஐராவதிக் கழிமுகத்தை வரைந்துதான் கை பழகியது. 1802இல் நம்ம பரங்கிமலைப் பக்கம் லாம்ப்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய முக்கோண அளவை, அதற்குள் இமயத்தை எட்டிவிட்டிருந்தது. காஷ்மீரில் மாண்ட்கோமெரியின் குழுவில் இவர் சேர்ந்தார்.

அந்த மாண்ட்கோமெரிதான் 1856இல் ஹரமுக் மலையிலிருந்து காரகோரச் சிகரங்களைப் பார்த்து கே 1, கே 2 என்று குறித்துவைத்தவர். 'கே' என்றால் காரகோரம், அவ்வளவுதான். கே 1க்கு மாஷர்ப்ரும் என்று ஊர்ப்பெயர் கிடைத்தது. கே 2க்குக் கிடைக்கவில்லை. கடைசிக் கிராமமான அஸ்கோலேயிலிருந்து அந்த மலை கண்ணுக்கே தெரியாது. 1861இல் பால்தோரோ பனியாற்றில் ஏறி அதை வரைபடமாக்கியவர் காட்வின்-ஆஸ்டின். பால்டிச் சுமையாட்களின் முதுகு இல்லாமல் இது நடந்திருக்காது. அவர்கள் பெயரில் அங்கே சிகரம் எதுவும் இல்லை. 1888இல் கே 2க்கு இவர் பெயரை வைக்க யோசனை வந்தது, ராயல் புவியியல் கழகம் ஏற்கவில்லை. அடிவாரப் பனியாறு மட்டும் இவர் பெயரில் நிற்கிறது.

மண்ணின் பெயரை மீட்போம் என்று உடனே கிளம்புகிற நண்பர்களுக்கு ஒன்று சொல்லணும். 'சோகோரி' என்கிறார்களே, பெரிய மலை என்று பொருள், அதுவே வெள்ளைக்காரப் பயணிகள் பால்டிச் சொற்களை ஒட்டிச் செய்தது என்ற கருத்து வலுவாக உண்டு. பால்டி மக்களோ கே டூவையே தங்கள் வாய்க்கு ஏற்றபடி 'கேட்டு' ஆக்கிக்கொண்டார்கள். அதிகாரம் போட்ட குறியை வாயில் போட்டு மென்று தங்களுடையதாக்கிய இந்தக் காரியம் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பிறகு வடகிழக்கு: காசி, ஜைந்தியா, காரோ, நாகா மலைகள். தியோடலைட் வந்தால் பின்னாலேயே வரி வரும், படை வரும் என்பது அங்குள்ளவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அளவைக் குழு ஒன்றோடு சென்ற லெப்டினன்ட் ஹோல்கோம்பும் கூட இருந்த பலரும் 1875இல் நினு கிராமத்தில் கொல்லப்பட்டார்கள். 'காட்டுமிராண்டித்தனம்' என்றது அரசாங்கம். வரைபடத்தைச் சரியாக வாசித்தவர்கள் என்பேன் நான். பதிலடிக்குப் போன படை கிராமங்களை எரித்தது.

இதே மலைகளில்தான் காட்வின்-ஆஸ்டின் நத்தை பொறுக்கினார். கிண்டலாகச் சொல்லவில்லை. ஓட்டை மட்டும் பார்த்து வகை பிரித்தால் போதாது, உள்ளிருக்கும் உடலையும் அறுத்துப் பார்க்கணும் என்று வற்புறுத்தியவர் அவர். இந்திய நத்தையியல் அவருக்குக் கடன்பட்டிருக்கிறது. உடல் கெட்டு 1877இல் ஓய்வு பெற்றார். 1880இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். 1882 முதல் இந்தியாவின் நில, நன்னீர் மெல்லுடலிகள் பற்றிய நூலைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். பௌத்தத்தில் ஈடுபட்டு சர்ரேயில் ஒரு சன்னதியும் கட்டினார். ஆளை வில்லன் ஆக்குவது அத்தனை சுலபமில்லை.

ஆனால் அந்த நத்தைகள் போய்ச் சேர்ந்தது லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு. ஓர் இனத்துக்கு முதலில் பெயர் வைக்கப் பயன்பட்ட மாதிரிதான் விலங்கியலில் கடைசிச் சாட்சி. காசி மலையில் பிறந்த மாணவி தன் வீட்டுப் பின்புற நத்தை அவர் பெயரிட்ட இனம்தானா என்று உறுதி செய்ய, அந்த லண்டன் இழுப்பறையைத் திறக்கச் சொல்லிக் கடிதம் எழுத வேண்டும்.