நெத்திலியும் பத்தாயிரம் தேவகோட்டைக்காரர்களும்

தொண்டிப் பக்கம் பிடித்த நெத்திலி தேவகோட்டை மீன் கடைக்கு வரும்போதே அதில் கொஞ்சம் கதிரியக்கப் பொலோனியம்-210 இருக்கும். எந்த அணு உலையிலிருந்தும் கசிந்து வந்ததல்ல. கடலில் இயற்கையாகவே உள்ளது, மிதவை உயிரிகள் வழியாக மீனுக்கு ஏறுகிறது. அது அதிகம் சேருவது ஈரலிலும் குடலிலும்தான். தலையைக் கிள்ளும்போது குடலும் கூடவே வந்துவிட்டால் ஒரு கணக்கு. பொடி நெத்திலியை அப்படியே எண்ணெயில் போட்டால் வேறு கணக்கு.

சாப்பிடுபவருக்குச் சேரும் கதிர்வீச்சின் கணக்கு என்னவோ எளிய பெருக்கல்தான். வருடத்துக்கு எத்தனை கிலோ, கிலோவுக்கு எத்தனை பெக்கரல் (கதிரியக்கத்தின் அலகு), பெக்கரலுக்கு எவ்வளவு கதிர்வீச்சு. கடைசி எண், பெரியவர்களுக்கு 1.2 மைக்ரோசீவர்ட் என்று சர்வதேசக் கதிரியல் பாதுகாப்பு ஆணையம் வகுத்திருக்கிறது. வாரம் இருமுறை நூறு கிராம் மீன், கிலோவுக்கு 5 பெக்கரல் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 62 மைக்ரோசீவர்ட் வருகிறது. 50 பெக்கரல் என்றால் 624. உணவிலுள்ள எல்லா இயற்கைக் கதிரியக்கமும் சேர்ந்து தருவது உலகச் சராசரியில் சுமார் 300 மைக்ரோசீவர்ட். இரண்டாவது விடை அதைப்போல் இரு மடங்கு என்றாலும் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு விடைகளில் எதை அறிக்கையில் எழுதுவது?

'எதற்கும் இருக்கட்டும்' என்று எல்லா இடத்திலும் உச்ச அளவைப் போடுவது பழைய வழக்கம். இருபதில் ஒருவருக்கே பொருந்தும் உச்சத்தை நான்கு இடங்களில் வைத்துப் பெருக்கினால், 1,60,000 பேரில் ஒருவர் கிடைப்பார். தேவகோட்டையில் அப்படியொருவர் இருப்பதே சந்தேகம்.

1940களில் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் கணிதவியலாளர்கள் உலாமும் ஃபான் நாய்மனும் உருவாக்கிய மான்டே கார்லோ முறை இங்கேதான் கைகொடுக்கிறது. கணினி பத்தாயிரம் கற்பனை ஊர்க்காரர்களைப் படைக்கிறது. ஒவ்வொருவருக்கும் மீனின் அளவு, வகை, சுத்தம் செய்யும் விதம் எல்லாவற்றையும் சீட்டுக் குலுக்கி எடுத்துப் பெருக்குகிறது. விடை ஒற்றை எண்ணாக வராது, ஒரு பரவலாக வரும்: பெரும்பாலோர் குறைந்த பக்கத்தில் குவிந்திருக்க, வலப்பக்கம் வால் நீண்டு கிடக்கும். மீனே தொடாத சைவ வீடுகள் பூஜ்ஜியத்தில் தனியாக நிற்கும். ஊர்ச் சராசரி யாருக்குமே பொருந்தாமல் போகலாம்.

குலுக்கலிலும் ஒரு கண்ணி உண்டு. கடலோரக் குடும்பத்தில் மீனும் அதிகம், பொடி மீனும் அதிகம். இரண்டும் சேர்ந்தே வருபவை. தனித்தனியாகக் குலுக்கினால், கவலைப்பட வேண்டிய அந்த வால் பொய்யாகச் சுருங்கிவிடும்.

சாப்பாட்டுக் கணக்கு தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு பசிபிக்கின் பிகினித் தீவு சாட்சி. 1946 முதல் 1958 வரை அமெரிக்கா 23 அணுகுண்டுகளைச் சோதித்த இடம். 1970களில் அங்கே திரும்பிய மக்களின் உடலில் கதிரியக்கச் சீசியம்-137 ஏறிக்கொண்டே போனது. பொட்டாசியம் குறைந்த பவள மண்ணில் தென்னை சீசியத்தை இழுத்துக்கொள்ளும். மக்களோ எதிர்பார்த்ததைவிட அதிகமாக உள்ளூர்த் தேங்காயை நம்பி வாழ்ந்தார்கள். 1978-இல் அவர்களை மீண்டும் வெளியேற்ற வேண்டியதாயிற்று.

நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி ஆய்வாளர்கள் கூடங்குளம் கடலோர மீன், சிப்பிகளில் பொலோனியத்தை அளந்திருக்கிறார்கள். பெக்கரலை எண்ணக் கருவி இருக்கிறது; தட்டில் விழும் மீனை எண்ணுவதுதான் பாடு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். புரட்டாசியில் பல வீடுகளில் கவிச்சியே கிடையாது. கருவாட்டில் எடை குறைந்து செறிவு கூடும். பொலோனியமோ 138 நாளுக்கு ஒருமுறை பாதியாகும். மே மாதம் வந்து "வாரம் எத்தனை நாள் மீன்?" என்று கேட்டு எழுதிப்போகும் கணக்கெடுப்பாளருக்கு, ஐப்பசியில் அதே வீட்டில் வேறு பதில் கிடைக்கும்.