உங்களுக்குத் தெரியுமா? எல்லை கடந்து வரும் நவராத்திரித் தெய்வங்கள்

திருவிதாங்கூரின் தலைநகர் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்திற்கு மாறியபின், அரண்மனை நவராத்திரி பூசைக்காகப் பழைய தலைநகர்ப் பகுதியின் தெய்வங்களை ஆண்டுதோறும் எழுந்தருளச் செய்யும் வழக்கம் உருவாகி, இன்றும் தொடர்கிறது. பத்மநாபபுரம் தேவாரக்கட்டுச் சரஸ்வதி (கம்பர் வழிபட்ட திருவுரு என்பது மரபுவழிச் செய்தி) வழக்கமாக யானைமீதும், வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் பல்லக்குகளிலும் புறப்பட, அரச உடைவாள் முன்செல்லும். முதல் இரவு குழித்துறையில் தங்கும் ஊர்வலம், களியக்காவிளையில் தமிழக–கேரள எல்லையைக் கடந்து, பாறசாலை வழியாக நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயிலை அடைந்து இரண்டாம் இரவைக் கழிக்கிறது. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்துடன் இணைந்ததால் ஒரே மாநிலத்துக்குள் நடந்த பயணம் இரு மாநிலப் பயணமாயிற்று. ஆயினும் அது நிற்கவில்லை என்பதே பெருஞ்சிறப்பு. இரு மாநிலக் காவலரும் அணிவகுத்து மரியாதை செலுத்த, எல்லையில் கேரள அதிகாரிகள் தெய்வங்களை முறைப்படி வரவேற்கின்றனர். விசயதசமியன்று குமாரசுவாமி வெள்ளிக்குதிரை வாகனத்தில் திருவனந்தபுரத்தின் பூஜப்புரை மண்டபத்திற்கு எழுந்தருள்வார். பின்னர் மூன்று தெய்வங்களும் வந்த வழியே ஊர் திரும்புகின்றன.