உயர் ரத்த அழுத்தம்: கண்டறிந்த பின்னரே தொடங்கும் சவால்

இந்தியாவில் 1990-ஆம் ஆண்டு நிகழ்ந்த மரணங்களில் சுமார் 38 சதவீதம் இதய நோய், பக்கவாதம், புற்றுநோய், நீரிழிவு, நாள்பட்ட நுரையீரல் நோய் போன்ற தொற்றா நோய்களால் ஏற்பட்டவை. 2016-இல் இந்தப் பங்கு சுமார் 62 சதவீதமாக உயர்ந்துவிட்டதாக, இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்) பங்கேற்ற மாநில வாரியான நோய்ச்சுமை ஆய்வு தெரிவித்தது. நாட்டில் 10.1 கோடி பேருக்கு நீரிழிவும் 31.5 கோடி பேருக்கு உயர் ரத்த அழுத்தமும் இருப்பதாக 2023-இல் வெளியான ஐசிஎம்ஆரின் மற்றோர் ஆய்வு மதிப்பிட்டது.

இவற்றுள் எளிதில் கட்டுப்படுத்தக்கூடியது உயர் ரத்த அழுத்தம்தான். அளக்க ஒரு சிறு கருவி போதும். அம்லோடிபின் போன்ற அடிப்படை மாத்திரைகளின் விலையும் குறைவு. அரசு மருத்துவமனைகளில் அவை இலவசம். ஆயினும், பாதிக்கப்பட்டோரில் ஏறத்தாழ 12 சதவீதத்தினருக்கு மட்டுமே ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருப்பதாக உலக சுகாதார அமைப்பு சுட்டிக்காட்டியுள்ளது. மருந்தும் கருவியும் இருந்தும் இந்த நிலை ஏன்?

வலி இல்லாத நோய் என்பது முதல் காரணம். 140/90 என்ற அளவைத் தாண்டிய பலருக்கு எந்த அறிகுறியும் தென்படுவதில்லை. மாத்திரை சாப்பிட்டாலும் உடலில் மாற்றம் எதுவும் உணரப்படுவதில்லை என்பதால், சில வாரங்களில் நிறுத்திவிடுகின்றனர். பத்து நாள்களுக்கான மாத்திரையைப் பெற அரைநாள் வரிசையில் நிற்க நேர்ந்தால், தினக்கூலித் தொழிலாளிக்கு அன்றைய ஊதியம் போய்விடும். அடுத்த முறை அவர் வராமலிருப்பதில் வியப்பில்லை.

இரண்டாவது காரணம் சுகாதாரக் கட்டமைப்பிலேயே உள்ளது. ஆரம்ப சுகாதார நிலையங்கள் பல்லாண்டுகளாகப் பிரசவம், தடுப்பூசி, காய்ச்சல் ஆகியவற்றை மையமாகக் கொண்டே இயங்கி வந்தன. காய்ச்சலுக்கு வந்தவர் மீண்டும் வரவில்லை என்றால் குணமடைந்துவிட்டார் என்று கொள்ளலாம். ரத்த அழுத்த நோயாளி மீண்டும் வரவில்லை என்றால், பெரும்பாலும் அவர் சிகிச்சையைக் கைவிட்டுவிட்டார் என்றே பொருள். வராதவரைத் தேடும் ஏற்பாடு அண்மைக்காலம் வரை இல்லை.

இந்த இடைவெளியை நிரப்பும் நோக்கில், 2017 நவம்பரில் இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முன்முயற்சி தொடங்கப்பட்டது. பஞ்சாப், மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், தெலங்கானா, கேரளம் ஆகிய மாநிலங்களின் சில மாவட்டங்களில் அது முதலில் நடைமுறைக்கு வந்தது. புதிய மருந்து எதுவும் அதில் இல்லை. எந்த மாத்திரையில் தொடங்குவது, அழுத்தம் குறையாவிட்டால் அடுத்து எதைச் சேர்ப்பது என்பது மாநிலத்துக்கு ஒரே நெறிமுறையாக வகுக்கப்பட்டது. மருந்து 30 நாள்களுக்கு வழங்கப்பட்டது. தொடர் பரிசோதனையும் மருந்து வழங்கலும் வீட்டுக்கு அருகிலுள்ள மையங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. செவிலியர்கள் ரத்த அழுத்தத்தை அளந்து பதிவு செய்தனர். வராதோரைத் தொலைபேசியில் அழைத்தனர். 2022-க்குள் இத்திட்டம் 23 மாநிலங்களில் 130-க்கும் மேற்பட்ட மாவட்டங்களுக்கு விரிவடைந்து, 34 லட்சம் பேர் சிகிச்சையில் இருந்தனர். அவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு அழுத்தம் கட்டுக்குள் வந்தது. அதே ஆண்டு ஐ.நா. விருதும் கிடைத்தது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இன்னும் ஒரு படி முன்னே சென்று, மாத்திரைகளை நோயாளியின் வீட்டுக்கே கொண்டுசெல்கிறது.

2023 மே 17 அன்று மத்திய அரசு ஓர் இலக்கை அறிவித்தது. ரத்த அழுத்தம் அல்லது நீரிழிவு உள்ள 7.5 கோடி பேரை 2025-க்குள் முறையான சிகிச்சையின் கீழ் கொண்டுவருவதே அது. 2025 மார்ச் மாதத்திற்குள் சுமார் 6.7 கோடி பேர் சிகிச்சை பெற்றதாக அரசு தெரிவித்தது. பெரிய எண்ணிக்கைதான். ஆனால் பதிவேட்டில் பெயர் ஏறுவது வேறு, அழுத்தம் 140/90-க்குக் கீழே நிற்பது வேறு. பக்கவாதத்தையும் சிறுநீரகச் செயலிழப்பையும் தடுப்பது இரண்டாவதுதான். ஒவ்வொரு மாவட்டமும் அந்தக் கணக்கையே முதலில் வெளியிட வேண்டும்.

ஆண்களைச் சென்றடைவதும் கடினமாக உள்ளது. 30 வயதைக் கடந்தோரின் இடுப்புச் சுற்றளவு, புகையிலைப் பழக்கம், குடும்ப நோய் வரலாறு ஆகியவற்றை ஆஷா பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று படிவத்தில் பதிவு செய்கின்றனர். பகல் நேரத்தில் வேலைக்குச் சென்றுவிடும் ஆண்கள் இதில் எளிதாக விடுபட்டுப் போகின்றனர்.

நோய் வருமுன் தடுப்பதில் சில சட்டங்கள் பலனளிக்கும் வகையில் அமைந்துள்ளன. எண்ணெய், கொழுப்புப் பொருள்களில் டிரான்ஸ் கொழுப்பு 2022 ஜனவரி முதல் 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. சிகரெட் பெட்டியின் 85 சதவீதப் பரப்பில் எச்சரிக்கைப் படம் இருக்க வேண்டும். உப்புக்கு அத்தகைய உச்சவரம்பு இல்லை. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாகவே உப்பு வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. இந்தியர்கள் அதைவிடக் கணிசமாக அதிகமாக உண்கின்றனர். பொட்டலத்தின் முகப்பில் எச்சரிக்கை அச்சிடுவது நொறுக்குத் தீனிக்குப் பொருந்தும். குழம்பிலும் ஊறுகாயிலும் அப்பளத்திலும் சேரும் உப்பை எந்த விதிமுறையும் எட்டாது. அங்கே நோயாளிக்குச் சொல்லப்படும் ஆலோசனை, அந்த வீட்டில் சமைப்பவரையும் சென்றடைந்தாக வேண்டும்.