6 சதவிகிதமா, 9 சதவிகிதமா? கார் கடனில் எது மலிவு?

விருதுநகரிலிருந்து சிவகாசி செல்லும் வழியில் இருக்கிறது ஆமத்தூர். பட்டாசு, தீப்பெட்டித் தொழிலை நம்பிய குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். தீபாவளி நெருங்க நெருங்க கையில் பணம் புழங்கும். பண்டிகை முடிந்ததும் ஆலைகள் சில வாரங்கள் ஓய்ந்துவிடும். வருமானம் இப்படி ஏறி இறங்கும் வீட்டில் கார் வாங்கலாம் என்று பேச்சு எழுந்தால், அடுத்த கேள்வி, ‘மாசம் எவ்வளவு கட்டணும்?’ என்பதுதான். அதற்கு முன்பாகக் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று இருக்கிறது.

2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி 18 சதவிகிதமாகக் குறைந்தது. அதற்கு முன் 28 சதவிகித வரியோடு செஸ்ஸும் சேர்ந்திருந்தது. அதே ஆண்டில் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 6.5 சதவிகிதத்திலிருந்து படிப்படியாக 5.25 சதவிகிதமாக இறக்கியது. விலையும் வட்டியும் இறங்கியது நல்ல செய்திதான். ஆனால், கடன் பத்திரத்தில் கவனம் தவறினால் மிச்சமான பணம் வட்டியிலேயே போய்விடும்.

சின்ன எண், பெரிய வட்டி

ஐந்து லட்சம் ரூபாய் கடன், ஐந்து ஆண்டுத் தவணை என்று வைத்துக்கொள்வோம். ஓர் இடத்தில் ‘6 சதவிகித ஃப்ளாட் வட்டி’ என்கிறார்கள். வங்கியில் 9 சதவிகிதம் என்கிறார்கள். முதலாவது மலிவாகத் தெரிகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் கதை மாறுகிறது.

ஃப்ளாட் முறையில் ஐந்து லட்சத்துக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் வீதம், ஐந்து ஆண்டுக்கு வட்டி 1,50,000 ரூபாய். மாதத் தவணை 10,833 ரூபாய். வங்கியின் 9 சதவிகிதம், குறைந்துவரும் அசலுக்கு மட்டும் போடப்படும் வட்டி. அதில் தவணை 10,379 ரூபாய். மொத்த வட்டி சுமார் 1,22,750 ரூபாய். அதாவது, ‘6 சதவிகிதம்’ வாங்கியவர் 27,000 ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கட்டுகிறார். காரணம் எளிது. அசலில் பெரும்பகுதியை அடைத்து முடித்த ஐந்தாம் ஆண்டிலும், ஃப்ளாட் முறையில் முழு ஐந்து லட்சத்துக்கும் வட்டி போடப்படுகிறது. வங்கி முறையில் கணக்கிட்டால் அந்த 6 சதவிகிதம் உண்மையில் 10.85 சதவிகிதத்துக்குச் சமம்.

கேட்டு வாங்க வேண்டிய ஒரு தாள்

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே, 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்கான புதிய கடன்களுக்கு ‘முக்கிய விவரங்கள் அறிக்கை’ தருவதை ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. வங்கி, நிதி நிறுவனம் இரண்டுக்கும் இது பொருந்தும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும் என்பதால், தமிழிலேயே கேட்கலாம்.

அதில் ‘ஏ.பி.ஆர்’ என்று ஓர் எண் இருக்கும். வட்டியோடு பிராசஸிங் கட்டணம் போன்ற செலவுகளையும் சேர்த்து, கடனின் ஆண்டுச் செலவைச் சொல்லும் எண் அது. இரண்டு இடங்களை ஒப்பிட அந்த எண் போதும். அந்தத் தாளில் உள்ள நிபந்தனைகள் குறைந்தது மூன்று வேலை நாள்களுக்கு மாறக் கூடாது என்பதும் விதி. ‘இன்னைக்கே கையெழுத்துப் போட்டாத்தான் இந்த வட்டி’ என்று அவசரப்படுத்தினால் பதற வேண்டியதில்லை. அந்த நாள்களில் வேறு வங்கியிலும் விசாரிக்கலாம்.

கூலி ரொக்கமாக வந்தால்?

குறைந்த வட்டி கிடைப்பது பெரும்பாலும் 300 முதல் 900 வரையிலான சிபில் ஸ்கோரையும் வருமான ஆதாரத்தையும் பொறுத்தது. சம்பளச் சீட்டு இல்லாத வீடுகளுக்கு இங்குதான் சிக்கல். கார் வாங்கும் எண்ணம் வந்ததுமே வருமானத்தை வங்கிக் கணக்கு வழியாகப் புழங்கவிடுவது நல்லது. சிறு தொழில் செய்பவர்கள் வருமான வரிக் கணக்கைத் தொடர்ந்து தாக்கல் செய்தால் பேரம் பேச வலு கிடைக்கும். நிலையான சம்பளம் வாங்கும் கணவரோ மனைவியோ இருந்தால், அவரை இணைக் கடன்தாரராகச் சேர்க்கலாம்.

வேலை இல்லாத வாரங்களில் குழுக் கடன் தவணை தவறியிருந்தால் அதுவும் ஸ்கோரில் தெரியும். ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாக முழு அறிக்கை தர வேண்டும். நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. அதேநேரம், ஒரே வாரத்தில் ஐந்தாறு இடங்களில் விண்ணப்பித்தால் குறையலாம்.

தீபாவளிப் பணத்துக்கு ஒரு வேலை

ஐந்து ஆண்டு என்பதை ஏழாக நீட்டினால், அதே 9 சதவிகிதத்தில் தவணை 8,045 ரூபாயாக இறங்கும். ஆனால், மொத்த வட்டி சுமார் 53,000 ரூபாய் கூடும். வேலை ஓய்ந்திருக்கும் மாதங்களில் சின்னத் தவணைதான் தாங்கும் என்றால், இதற்கும் வழி உண்டு. ஏழாண்டுக் கடனை எடுத்துவிட்டு, ஒவ்வொரு தீபாவளிக்கும் வரும் பணத்தில் 28,000 ரூபாயை அசலில் கட்டினால், கடன் ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளில் தீர்ந்துவிடும்.

இதற்குக் கடன் மாறும் வட்டியில் இருப்பது முக்கியம். 2026 ஜனவரி 1 முதல் வழங்கப்படும் மாறும் வட்டிக் கடன்களில், சொந்தத் தேவைக்கு வாங்கிய தனிநபரிடம் முன்கூட்டியே கட்டுவதற்கான கட்டணம் வாங்கக் கூடாது. நிலையான வட்டிக் கடனுக்கு இந்தச் சலுகை இல்லை. கார் கடன்களில் பல அந்த வகையில்தான் வருகின்றன. எனவே, எந்த வகை என்பதைக் கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். மாறும் வட்டியில் ஒரு பாதகமும் உண்டு: ரெப்போ ஏறினால் வட்டியும் ஏறும்.

காருக்கான காப்பீட்டை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வெளியே விசாரித்து, அதே பாதுகாப்பு குறைந்த பிரீமியத்தில் கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம்.

கடைசித் தவணை கட்டிவிட்டாலும் வேலை முடிந்துவிடாது. கடன் கொடுத்தவரிடம் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வாங்கி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுத்து, ஆர்.சி-யில் இருக்கும் அடமானப் பதிவை நீக்க வேண்டும். அதன்பிறகுதான் ஆர்.சி-யில் கார் முழுக்க உரிமையாளருடையதாகும்.